உங்களுக்குத் தெரியுமா? – அட்மின் சாவி யார் கையில்?

பத்தாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் பத்தாயிரம் பேருக்கும் லாகின் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றால் அவரவர் மெயில், அவரவர் கோப்பு, விடுப்பு விண்ணப்பம் தவிர வேறெதையும் தொட முடியாது. ஆனால் சர்வரையே அழிக்கவும், எல்லோருடைய மெயிலையும் திறக்கவும், சம்பளப் பட்டியலைத் திருத்தவும், திருத்திய தடயத்தைத் துடைக்கவும் முடிந்த கணக்குகள் சில உண்டு. ஐ.டி. ஆட்கள் அட்மின், ரூட், சூப்பர் யூசர் என்பார்கள். இந்த வாரத் துணுக்குகள் முழுக்க அந்தக் கணக்குகளைப் பற்றியவை.

★ லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகள் ‘ரூட்’ என்ற பெயரைப் பார்த்து அதிகாரம் தருவதில்லை. கணக்கின் எண் 0 தானா என்று மட்டுமே பார்க்கின்றன. வேறு பெயரில் ஒரு கணக்கு இருந்து அதன் எண்ணும் 0 என்றால் அதுவும் ரூட்தான். அதனால்தான் 0 எண்ணில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறதா என்று தணிக்கையாளர்கள் தேடுகிறார்கள். விண்டோஸிலும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்குக்கு என்ன பெயர் சூட்டினாலும் அதன் உள் அடையாள எண் 500 என்றே முடியும்.

★ கணினிக்குக் கடவுச்சொல் வைக்கும் வழக்கம் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் 1961இல் உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பிலிருந்து தொடங்குகிறது. ஒரே கணினியைப் பலர் நேரம் பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்காமலிருக்கக் கடவுச்சொல் வந்தது. மறு ஆண்டே அது உடைந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வாளருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதவில்லை. கடவுச்சொல் கோப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை அச்சிடும்படி கணினிக்கே ஒரு துளை அட்டை போட்டார். பட்டியல் அச்சாகிக் கைக்கு வந்தது.

1966இல் நடந்தது இன்னும் மோசம். நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் அன்றைய அறிவிப்பையும் மற்றவர் கடவுச்சொல் கோப்பையும் திருத்திக்கொண்டிருந்தார்கள். திருத்தும் மென்பொருள் இருவருக்கும் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால் இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் திரையிலும் வரவேற்புச் செய்தியாக எல்லோருடைய கடவுச்சொல்லும் ஓடியது. இந்தப் பெரிய கசிவைத் திருடன் எவனும் செய்யவில்லை. முழு அதிகாரம் பெற்ற இருவர் தங்கள் வழக்கமான வேலையைச் செய்தபோது நடந்தது.

★ 1979இல் பெல் லேப்ஸின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். 15 பேர் ஒரே ஓர் எழுத்தைக் கடவுச்சொல்லாக வைத்திருந்தார்கள். 72 பேர் இரண்டே எழுத்து. மிகச் சிறியவை, அகராதியில் கிடைப்பவை எல்லாம் சேர்த்தால் 86 சதவீதம்.

★ ‘90 நாளுக்கு ஒருமுறை மாற்று, பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் சேர்’ என்று அலுவலகங்கள் படுத்தும் பாட்டுக்கு வேர், அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், பிற்காலத்தில் அதற்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். மாற்று மாற்று என்று நெருக்கினால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போகிறார்கள். 2017இலேயே நிஸ்ட் அந்த அறிவுரையைக் கைவிட்டது. 2025இல் வந்த புதிய பதிப்பு, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவே கூடாது என்கிறது. கசிந்தது என்று தெரிந்தால் மட்டும் மாற்றினால் போதும். கடவுச்சொல் ஒன்றையே நம்பியிருக்கும் இடத்தில் குறைந்தது 15 எழுத்துகள் வேண்டும்.

இது மனிதர் மனப்பாடம் செய்யும் கடவுச்சொல்லுக்குப் பொருந்தும். அட்மின் கணக்கை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அதன் கடவுச்சொல்லை மனிதர் யாரும் மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை. ஒவ்வொரு பயன்பாட்டுக்குப் பிறகும் இயந்திரமே மாற்றிவிடலாம், மாற்றத்தான் வேண்டும்.

★ 2016 பிப்ரவரி. வங்கிகள் தங்களுக்குள் பணப் பரிமாற்றச் செய்தி அனுப்பும் வலையமைப்பு ஸ்விஃப்ட். வங்கதேச மத்திய வங்கியின் ஸ்விஃப்ட் அமைப்புக்குள் புகுந்தவர்கள், அதை இயக்கும் ஊழியர்களின் உள்நுழைவு விவரங்களைக் கொண்டே நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணப் பரிமாற்ற உத்தரவுகளை அனுப்பினார்கள். கேட்ட தொகை சுமார் 95 கோடி டாலர். வங்கதேசத்தில் வார விடுமுறை தொடங்கும் நேரம் பார்த்து அனுப்பினார்கள். உத்தரவுகளை அச்சிட்டுக் காட்டும் பிரிண்டரும் ஓடாதபடி செய்திருந்தார்கள்.

8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் வங்கிக் கணக்குகளுக்குப் போய், சூதாட்ட விடுதிகள் வழியாகக் கரைந்தது. 2 கோடி டாலர் இலங்கைக்கு வந்தது. ஓர் அறக்கட்டளையின் பெயரில் அனுப்பிய அந்த உத்தரவில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லை ‘ஃபண்டேஷன்’ என்று அடித்திருந்தார்கள். இடையிலிருந்த டாய்ச்சு வங்கிக்குச் சந்தேகம் வந்து விளக்கம் கேட்டது. இலங்கைக்கு வந்த பணம் முழுதும் திரும்பியது. உத்தரவுகள் ஸ்விஃப்டுக்குச் செல்லத்தக்கவையாகவே தெரிந்தன, ஏனென்றால் லாகின் உண்மையானது. இலங்கைக்கு வந்த பணத்தைக் காப்பாற்றியதில், எழுத்தை ஒழுங்காகப் படித்த மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே ஆண்டு ஸ்விஃப்ட் தன்னோடு இணைந்த வங்கிகளுக்கெல்லாம் கட்டாயப் பாதுகாப்பு விதிகளை அறிவித்தது. அட்மின் கணக்குகளைக் கட்டுப்படுத்துவது அவற்றில் ஒன்று.

★ நம் நாட்டில் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி 2018இல் வெடித்தபோதும் நடுவில் இருந்தது ஸ்விஃப்ட்தான். மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் ஸ்விஃப்ட், வங்கியின் மையக் கணக்கு மென்பொருளோடு இணைக்கப்படாமல் தனியாக இருந்தது. ஸ்விஃப்டில் போன உறுதிக் கடிதங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறவே இல்லை. சம்பந்தப்பட்ட அதிகாரி பல ஆண்டுகள் அதே கிளையில் இருந்தார். 2016 ஆகஸ்ட் முதல் மூன்று முறையாவது வங்கிகளை இதுபற்றி எச்சரித்திருந்ததாக ரிசர்வ் வங்கி பின்னர் தெரிவித்தது. 2019 மார்ச்சில் ரிசர்வ் வங்கி, ஸ்விஃப்ட் தொடர்பான தன் விதிகளை மீறியதற்காக 36 வங்கிகளுக்கு மொத்தம் 71 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

★ 2020 ஜூலை 15 அன்று ஒபாமா, பைடன், பில் கேட்ஸ், ஈலான் மஸ்க் ஆகியோரின் ட்விட்டர் கணக்குகளிலிருந்து ‘பிட்காயின் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் தருகிறோம்’ என்று பதிவுகள் வந்தன. அவர்களில் ஒருவரின் கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. ட்விட்டர் ஊழியர்களுக்குப் போன் செய்து ஏமாற்றி, நிறுவனத்தின் உள் நிர்வாகக் கருவிக்குள் நுழைந்தார்கள். சூத்திரதாரி 17 வயதுப் பையன். அந்தக் கருவியைப் பயன்படுத்தும் அதிகாரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர், ஒப்பந்தக்காரர்களிடம் இருந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. ஆயிரம் பேரில் ஒருவர் ஏமாறுவது இயல்பு. ஆயிரம் பேருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்ததுதான் பிழை.

★ சிங்கப்பூரின் என்.சி.எஸ். நிறுவனத்தில் தரப் பரிசோதனைக் குழுவில் இருந்த இந்தியர் ஒருவரை 2022 இறுதியில் வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் கையிலிருந்த அட்மின் உள்நுழைவை மட்டும் நீக்கவில்லை. 2023 ஜனவரியில் இந்தியாவிலிருந்தே ஆறு முறை உள்ளே போய்வந்தார். மீண்டும் சிங்கப்பூர் சென்று, வேறு வேலையில் இருந்துகொண்டே மார்ச்சில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, 180 மெய்நிகர் சர்வர்களை ஒவ்வொன்றாக அழித்தார். நிறுவனத்துக்கு 9 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் இழப்பு. அவருக்கு 2 ஆண்டு 8 மாதச் சிறை.

சிஸ்கோவிலும் இதே போல. வேலையை விட்டு ஐந்து மாதம் ஆன பொறியாளர் ஒருவர் 2018 செப்டம்பரில் உள்ளே நுழைந்து 456 மெய்நிகர் கணினிகளை அழித்தார். 16,000க்கும் மேற்பட்ட வெப்எக்ஸ் டீம்ஸ் கணக்குகள் முடங்கின.

இரண்டு குற்றங்களுக்கும் தண்டனை கிடைத்தது, நியாயம்தான். ஆனால் வேலையை விட்ட அன்று மாலையே அந்தச் சாவிகளைத் திரும்ப வாங்கியிருந்தால், அந்த இரண்டு மனிதர்கள் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

★ கப்பல் நிறுவனமான மெர்ஸ்கை 2017 ஜூன் 27 அன்று முடக்கிய நாட்பெட்யா என்ற தீம்பொருள், உக்ரைனில் வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாக வந்தது. ஒரு கணினிக்குள் நுழைந்ததும், அங்கே எப்போதோ அட்மின் லாகின் செய்தபோது நினைவகத்தில் தங்கிய கடவுச்சொல்லைச் சுரண்டி எடுக்கும். அதை வைத்து அடுத்த கணினி, அதற்கடுத்த கணினி. பெஞ்சமின் டெல்பி என்ற பிரெஞ்சுக்காரர், விண்டோஸின் இந்தப் பலவீனத்தைக் காட்டுவதற்காகவே எழுதிய மிமிகாட்ஸ் கருவியின் உத்திதான் இங்கே ஆயுதமானது.

மெர்ஸ்கில் யார் யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியலை வைத்திருக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து நகல் எடுக்கலாம் என்பது ஏற்பாடு. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன, கானா நாட்டில் இருந்த ஒன்றைத் தவிர. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்வெட்டு வந்து அது அணைந்துபோயிருந்தது! கானாவின் இணைய வேகத்தில் அதிலிருந்த தரவை இங்கிலாந்துக்கு அனுப்ப நாள்கணக்கில் ஆகும். அங்கிருந்த ஊழியருக்கோ பிரிட்டன் விசா இல்லை. அவர் நைஜீரியா விமான நிலையம் வரை டிஸ்கைக் கொண்டுபோய் இன்னோர் ஊழியர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்கு விமானம் ஏறினார். பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் மறுபடி நிறுவினார்கள். இழப்பு 25 முதல் 30 கோடி டாலர்.

உயர் அதிகார லாகினைக் கொண்டு சாதாரண மேசைக் கணினிக்குள் நுழையவே கூடாது என்று நிபுணர்கள் மன்றாடுவது இதனால்தான்.

★ விண்டோஸ் டொமைன் வலையமைப்பு ஒவ்வொன்றிலும் ‘கே.ஆர்.பி.டி.ஜி.டி.’ என்றொரு கணக்கு உண்டு. அதில் யாரும் லாகின் செய்வதில்லை. ஆனால் மற்ற எல்லோருக்கும் நுழைவுச் சீட்டு முத்திரையிடுவது அதன் சாவிதான். அது திருடுபோனால் கடவுச்சொல்லை ஒரு முறை மாற்றிப் பயனில்லை. பழையதையும் அமைப்பு நினைவில் வைத்திருக்கும். இரண்டு முறை மாற்ற வேண்டும்.

★ நூற்றுக்கணக்கான கணினிகளுக்கு ஒரே அட்மின் கடவுச்சொல்லை மறைகுறியாக்கி அனுப்பும் வசதி ஒருகாலத்தில் விண்டோஸில் இருந்தது. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி, மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணப் பக்கத்திலேயே வெளியாகியிருந்தது! 2014இல் அந்த வசதியை நிறுத்தினார்கள். ஆனால் அதுவரை எழுதப்பட்ட கோப்புகளை அந்தத் திருத்தம் அழிக்கவில்லை. ஒரு நிறுவனம் தானே தேடி அழித்தால்தான் உண்டு.

★ மனிதர்களே பயன்படுத்தாத அட்மின் கணக்குகள் ஏராளம். இரவு பேக்கப் எடுக்கும் மென்பொருளுக்கும், ஒரு செயலி இன்னொரு செயலியோடு பேசுவதற்கும் தனிக் கணக்கு தருவார்கள். ‘சர்வீஸ் அக்கவுன்ட்’ என்பார்கள். இதை உருவாக்கியவர் மாற்றலாகிப் போயிருப்பார். கடவுச்சொல்லை மாற்றினால் எது நின்றுபோகுமோ என்று யாரும் தொடமாட்டார்கள்.

2023இல் லாகின் சேவையையே தொழிலாகச் செய்யும் ஆக்டா நிறுவனத்தில் ஒரு சர்வீஸ் அக்கவுன்டின் கடவுச்சொல், ஊழியர் ஒருவரின் சொந்த கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. அது கசிந்து 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் போயின. பாதிக்கப்பட்டவர்களில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனமும் உண்டு. கசிந்த சாவிகளை அவர்கள் மாற்றினார்கள், நான்கைத் தவிர. அந்த நான்கும் பயன்பாட்டில் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். நவம்பரில் ஊடுருவியவர்கள் அந்த நான்கைக் கொண்டே வந்தார்கள். அதன்பின் கிளவுட்ஃப்ளேர் 5,000க்கும் மேற்பட்ட சாவிகளை மாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் முழுவதுமாக எழுதி வெளியிட்டதற்காக அந்த நிறுவனத்தைப் பாராட்டுகிறேன்.

★ பாஸ்வேர்ட் மேனேஜர் நிறுவனமான லாஸ்ட்பாஸில் வாடிக்கையாளர் காப்புப்பிரதிகளுக்கான சாவி நான்கே பொறியாளர்களிடம் இருந்தது. 2022இல் அவர்களில் ஒருவரின் வீட்டுக் கணினியில் இருந்த பழைய வீடியோ மென்பொருள் வழியாக நுழைந்து, அவர் தட்டச்சு செய்வதையே பதிவு செய்து எடுத்துக்கொண்டார்கள். அந்த மென்பொருளின் ஓட்டைக்கு 2020லேயே திருத்தம் வந்துவிட்டது.

★ இதற்கெல்லாம் மருந்தாகப் பெரிய நிறுவனங்கள் வைப்பது ‘பாம்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உயர் அதிகாரக் கணக்கு மேலாண்மை. அட்மின் கடவுச்சொற்கள் எல்லாம் ஒரு டிஜிட்டல் பெட்டகத்துக்குள் போய்விடும். பொறியாளர் தன் சொந்தப் பெயரில் நுழைந்து, என்ன வேலை, எவ்வளவு நேரம் என்று சொல்லி அனுமதி கேட்பார். மேலாளர் ஒப்புக்கொண்டால் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ வழி திறக்கும். பல நிறுவனங்களில் அவருக்குக் கடவுச்சொல் கண்ணிலேயே படாது, பெட்டகமே இணைத்துவிடும். திரையில் நடப்பது வீடியோவாகப் பதிவாகும். வேலை முடிந்ததும் கடவுச்சொல் தானாக மாறும்.

இதை வேவு என்று கசந்துகொள்ளும் பொறியாளர்கள் உண்டு. அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஏழு பேர் ஒரே அட்மின் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொண்டால், நள்ளிரவில் ஒரு டேட்டாபேஸ் அழியும்போது பதிவேட்டில் ‘அட்மின்’ என்று மட்டும் இருக்கும். ஏழு பேர் மீதும் சந்தேகம் விழும். வேலையில் புதிதாகச் சேர்ந்தவர் மீது அதிகமாக விழும். அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவருக்கு அதை நிரூபிக்க வழியே இருக்காது. பெட்டகத்தின் பதிவு முதலில் காப்பது நிரபராதியை.

★ அந்தப் பெட்டக மென்பொருளைத் தயாரிக்கும் உலக நிறுவனங்களில் ஒன்று நம் சென்னையின் ஸோஹோ. அதன் மேனேஜ்எஞ்சின் பிரிவு ‘பாஸ்வேர்ட் மேனேஜர் ப்ரோ’, ‘பாம்360’ ஆகியவற்றை விற்கிறது. பெட்டகத்துக்கும் ஓட்டை வரும்: 2022இல் இந்த இரண்டிலும் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே புகக்கூடிய குறை கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தம் வெளியானது. திருத்தாமல் விட்ட இடங்களை ஹேக்கர்கள் தாக்குவதாக அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா அதே ஆண்டு செப்டம்பரில் எச்சரித்தது. எந்த நாட்டு மென்பொருளானாலும், பெட்டகத்துக்கு வரும் அப்டேட்டை மற்ற எதற்கும் முன்னால் போட வேண்டும்.

★ வங்கியின் பெட்டக அறையை ஓர் அதிகாரி தனியாகத் திறக்க முடியாது. இருவர் கையில் இரண்டு சாவி. கணினியிலும் மிக முக்கியமான கணக்குகளுக்குக் கடவுச்சொல்லின் ஒரு பாதி ஒருவரிடமும் மறு பாதி இன்னொருவரிடமும் இருக்கும் வழக்கம் உண்டு. பெட்டக மென்பொருளே செயலிழந்தால் என்ன செய்வது என்பதற்காக, அவசரகால அட்மின் கணக்கின் விவரத்தை உறையில் போட்டு முத்திரையிட்டு இரும்புப் பெட்டியில் வைக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட், கிளவுட் வாடிக்கையாளர்கள் இப்படிப்பட்ட கணக்குகள் குறைந்தது இரண்டு வைத்திருக்கச் சொல்கிறது.

★ 2021 மே மாதம் அமெரிக்கக் கிழக்குக் கரையின் எரிபொருளைச் சுமக்கும் கொலோனியல் பைப்லைன், கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ஹேக்கர்களால் நின்றது. நுழைவாயில், யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய வி.பி.என். கணக்கு. கடவுச்சொல் கடினமானதுதான் என்று தலைமை அதிகாரி செனட்டில் சொன்னார். ஆனால் ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. 75 பிட்காயின் பிணைத்தொகை கொடுத்தார்கள்.

★ 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருத்துவக் கட்டணங்களைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் முடங்கி மருந்துக் கடைகள் தவித்ததற்கும் காரணம், இரண்டாவது சரிபார்ப்பு இல்லாத ஒரு நுழைவாயில். பிணைத்தொகை 2.2 கோடி டாலர்.

★ இரண்டாவது சரிபார்ப்பு இருந்தும் ஏமாறுவது உண்டு. 2022இல் ஊபரின் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் போனுக்கு ‘நீங்கள்தானா?’ என்ற கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் அவர் ‘ஆம்’ என்று தட்டிவிட்டார். அதற்குப் பிறகுதான், திரையில் தெரியும் எண்ணைப் போனில் அடிக்கச் சொல்லும் முறையை மைக்ரோசாஃப்ட் 2023 மே மாதம் கட்டாயமாக்கியது. கேட்காமலே வரும் அனுமதிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று தட்டிவிட்டு, உடனே ஐ.டி. பிரிவுக்குச் சொல்ல வேண்டும்.

★ பிரிட்டனில் 158 ஆண்டு நடந்த கே.என்.பி. என்ற லாரிப் போக்குவரத்து நிறுவனம் ஹேக்கர் தாக்குதலுக்குப் பின் 2023இல் மூடப்பட்டது. ஓர் ஊழியரின் எளிய கடவுச்சொல்லை யூகித்து உள்ளே வந்தார்கள் என்று கருதப்படுகிறது. சுமார் 700 பேருக்கு வேலை போனது.

★ இன்னொருவரின் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால் இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஊடுருவல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு.

★ கடைசியாக, ஐ.டி.யில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு. வேலை மாறும்போது அனுபவச் சான்றிதழும் பி.எஃப். விவரமும் மறக்காமல் கேட்டு வாங்குகிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த அட்மின் கடவுச்சொற்கள், வி.பி.என்., கிளவுட் சாவிகள் எவை எவை என்று நீங்களே ஒரு பட்டியல் எழுதி மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பட்டியலில் கடவுச்சொல்லை எழுத வேண்டாம், கணக்கின் பெயர் மட்டும் போதும். அத்தனையும் நீக்கப்பட்டன, மாற்றப்பட்டன என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.